இருவர் ஆடும் களம்

பூப்பந்து ஆடுகளத்தின் இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு வெள்ளைக் கோடுகள் இருக்கும். உள்கோடு ஒற்றையர் ஆட்டத்திற்கு உரியது. வெளிக்கோடு இரட்டையர் ஆட்டத்திற்கு உரியது. ஒற்றையர் ஆட்டத்தில் களத்தின் அகலம் 5.18 மீட்டர். இரட்டையர் ஆட்டத்தில் அது 6.10 மீட்டர். கூடுதலாகக் கிடைப்பது ஒரு மீட்டருக்கும் குறைவான இடம்தான். ஆனால், ஒவ்வொரு பக்கத்திலும் ஆள் ஒருவர் கூடிவிடுகிறார். இடம் சிறிதளவே கூடி, ஆள் மட்டும் இரட்டிப்பாகும் அந்தக் களத்தில்தான் தாய்லாந்து வீராங்கனை சப்சிரி தேரத்தனச்சாய் உலகப் புகழ் பெற்றார். ஆயினும், அவர் உலகப் போட்டிகளில் முதலில் பெயர் பதித்தது உள்கோட்டுக்குள்தான்.

சப்சிரி 1992ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள உதோன் தானியில் பிறந்தார். தாய்லாந்துப் பெயர்கள் நம் நாவில் எளிதில் புரளாதவைபோல் தோன்றும். உற்றுக் கவனித்தால் அவற்றுள் தெரிந்த முகங்கள் பல தென்படும். ‘சப்’ என்றால் செல்வம். ‘சிரி’ என்பது நாம் ‘சிறீ’ என்றும் ‘திரு’ என்றும் வழங்கும் சொல்லின் உறவுதான். குடும்பப் பெயரில் உள்ள ‘ரத்தன’ நமது இரத்தினம். ‘சாய்’ என்பது ஜயம், அதாவது வெற்றி. பாலி, சமஸ்கிருத மொழிகளிலிருந்து தாய் மொழிக்குள் சென்ற சொற்கள் இவை. முன்னால் நிற்கும் ‘தே’ மட்டும் சீனக் குலப்பெயர். பல பண்பாடுகள் கலந்த தென்கிழக்காசியா ஒரே பெயருக்குள் அடங்கியிருக்கிறது. இவ்வளவு நீண்ட பெயரைத் தாய்லாந்து மக்கள் அன்றாடம் சொல்லி அழைப்பதில்லை. அங்கு ஏறத்தாழ எல்லாருக்கும் ஒரு செல்லப்பெயர் உண்டு. சப்சிரியை அவருடைய இரசிகர்கள் ‘போபோ’ என்றே அழைக்கின்றனர்.

இளமையில் அவர் ஒற்றையர் ஆட்டக்காரராகவே அனைத்துலகப் போட்டிகளில் கவனம் பெற்றார். 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்கப் பொதுப் போட்டியில் மகளிர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். இறுதியாட்டத்தில் அவர் தோற்கடித்தது ஜப்பானின் யூக்கா குசுனோசேவை. அப்போது சப்சிரிக்கு 21 வயது. வேறு ஆண்டாக இருந்திருந்தால் தாய்லாந்து நாளிதழ்கள் அந்தப் பட்டத்தைப் பல நாள் பேசியிருக்கக்கூடும். ஆனால், அடுத்த மாதமே சீனாவின் குவாங்சோவில் நடைபெற்ற உலக வெற்றியாளர் போட்டியில், அவரைவிட இளையவரான ரச்சனோக் இந்தானோன் மகளிர் ஒற்றையர் பட்டத்தைக் கைப்பற்றினார். ரச்சனோக்குக்கு வயது 18. பூப்பந்தில் உலகப் பட்டம் வென்ற முதல் தாய்லாந்து நாட்டவர் அவரே. நாடே அவரைக் கொண்டாடியது.

அந்தக் காலத்தில் தாய்லாந்தின் மகளிர் ஒற்றையர் பிரிவில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ரச்சனோக் இருந்தார், போர்ன்திப் இருந்தார், புசனன், நிச்சாவோன் எனத் திறமைசாலிகள் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தனர். ஒலிம்பிக் விதிமுறையோ மிகக் கண்டிப்பானது. ஒற்றையர் பிரிவில் ஒரு நாட்டிலிருந்து மிக அதிகமாக இருவர் மட்டுமே ஆடலாம். அதுவும் அந்த இருவரும் உலகத் தரவரிசையில் உச்சத்தில் இருந்தால்தான். அனைத்துலகப் பட்டம் ஒன்றைக் கையில் வைத்திருந்தும் சொந்த நாட்டின் வரிசையிலேயே பின்னால் நிற்க வேண்டிய நிலை ஒரு விளையாட்டாளருக்கு ஏற்படலாம் என்பது இதனால்தான்.

சப்சிரி ஒற்றையரோடு இரட்டையரும் ஆடினார். பிறகு இரட்டையரே அவருடைய முதன்மை ஆட்டமாயிற்று. தம்மைவிட இளையவரான புத்திதா சுபஜிரகுல் அவருக்கு மகளிர் இரட்டையர் இணையானார்.

ஒற்றையரிலிருந்து இரட்டையருக்கு மாறுவது, பார்ப்பவர்களுக்கு எளிய மாற்றமாகத் தோன்றலாம். மட்டை அதே மட்டை. இறகுப்பந்தும் அதே பந்து. உண்மையில் ஆட்டக்காரர் பல ஆண்டுகளாக உடம்பில் பதியவைத்த பழக்கங்களை மறுபடியும் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. ஒற்றையர் ஆட்டத்தில் ஒவ்வோர் அடிக்குப் பின்னும் களத்தின் நடுப்பகுதிக்குத் திரும்புவதே பாடம். இரட்டையரில் அப்படித் திரும்பினால் இணையின்மேல் மோத நேரிடும். ஒற்றையரில் பந்தை உயர்த்திப் பின்கோட்டுக்கு அனுப்பி, மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இரட்டையரில் பந்தை உயர்த்துவது எதிரணியைத் தாக்க வாருங்கள் என்று அழைப்பதற்குச் சமம். சர்வீஸ் விதிகூட மாறுகிறது. ஒற்றையரில் சர்வீஸ் பந்து பின்கோடுவரை போகலாம். இரட்டையரிலோ பின்கோட்டுக்கு 76 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும் கோட்டைத் தாண்டக்கூடாது. அதனால் உயரமான, நீண்ட சர்வீஸுக்கு இரட்டையரில் பெரும்பாலும் வேலையில்லை. வலையை உரசுவதுபோல் தாழ்வாகப் பந்தைத் தட்டிவிடும் சர்வீஸைத்தான் நம்ப வேண்டும். எதிரில் நிற்பவர் மட்டையை உயர்த்திப் பாயக் காத்திருப்பார். சர்வீஸ் ஒரு விரல் அளவு உயர்ந்தாலும் புள்ளி போய்விடும்.

நிற்கும் முறையும் வேறு. இணை தாக்கும்போது ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நிற்பர். பின்னிருப்பவர் ஓங்கி அடிக்க, முன்னிருப்பவர் வலையருகே வரும் பந்தை மடக்குவார். தற்காக்கும்போது இருவரும் பக்கம் பக்கமாக நின்று, களத்தை இரண்டாகப் பங்கிட்டுக்கொள்வர். ஒரே புள்ளிக்குள் இந்த மாற்றம் நான்கைந்து முறை நிகழும். யார் முன்னே போவது, யார் பின்னே போவது என்று பேசி முடிவெடுக்க நேரமில்லை. இருவருக்கும் நடுவே வரும் பந்துதான் மிகக் கடினமானது. இருவரும் அடிக்கப் போனால் மட்டைகள் மோதும். இருவரும் விட்டுக்கொடுத்தால் பந்து தரையில் விழும். தோழமையும் பணிவும் நல்லவைதாம். ஆனால், நடுவில் வரும் பந்துக்கு ‘நீங்கள் அடியுங்கள்’ என்று உபசாரம் செய்துகொண்டிருக்க முடியாது.

இவற்றுக்கு மேல் மகளிர் இரட்டையருக்கென்று தனி இயல்பு ஒன்று உண்டு. ஆடவர் இரட்டையரில் வேகமான ஸ்மாஷ் இரண்டு மூன்றில் புள்ளி முடிந்துவிடுவது வழக்கம். மகளிர் இரட்டையரில் தற்காப்பு மிக வலுவாக இருக்கும். ஒரு ஸ்மாஷ் போதாது. பத்து ஸ்மாஷும் போதாமல் போகலாம். ஒரே புள்ளிக்காக இறகுப்பந்து நூறு முறைக்கு மேல் வலையைத் தாண்டிச் செல்வதும் உண்டு. சிலர் இதைச் சலிப்பூட்டும் ஆட்டம் என்பர். அவர்கள் ஒருமுறை அரங்கில் அமர்ந்து, நூறாவது அடியின்போது ஆட்டக்காரரின் தோள்களையும் முழங்கால்களையும் பார்த்தால் அந்தக் கருத்தை மாற்றிக்கொள்வர்.

சப்சிரி – புத்திதா இணை 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்றது. நான்கு இணைகள் கொண்ட பிரிவில் அவர்களுக்கு வாய்த்தவர்கள் ஜப்பான், நெதர்லாந்து, இந்தியா ஆகிய நாடுகளின் இணைகள். இந்தியாவின் ஜுவாலா கட்டா – அஸ்வினி பொன்னப்பா இணையைத் தாய்லாந்து இணை தோற்கடித்தது. ஆனால், காலிறுதிக்குச் செல்ல அது போதவில்லை. அதே பிரிவில் இருந்த ஜப்பானின் மிசாக்கி மாட்சுதோமோ – அயாக்கா தகஹாஷி இணைதான் இறுதியில் தங்கப் பதக்கத்தையும் வென்றது. ஒற்றையரில் நாட்டின் வரிசையில் பின்னால் நின்ற சப்சிரி, இரட்டையர் வழியாக ஒலிம்பிக் களத்தில் கால்பதித்துவிட்டார். பதக்கம் மட்டும் தொலைவில் இருந்தது.

இரட்டையர் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒற்றையர் நட்சத்திரங்களின் நிழலில்தான் நிற்கின்றனர். பரிசுத்தொகையிலேயே அது தெரியும். உலகச் சுற்றுப்போட்டிகளில் வெற்றி பெறும் இணைக்குக் கிடைக்கும் தொகை, ஒற்றையர் வெற்றியாளருக்குக் கிடைப்பதைவிடச் சற்றே கூடுதல். அதை இருவர் பகிர்ந்துகொள்ள வேண்டும். தரவரிசையும் தனி ஆளுக்கு உரியதன்று, இணைக்கு உரியது. இணையில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் மற்றவரின் பருவமும் நின்றுவிடும். இணை பிரிந்தால் புதிய இணை தரவரிசையின் அடியிலிருந்து ஏறி வர வேண்டும்.

2018ஆம் ஆண்டு மே மாதம் பேங்காக்கில் நடைபெற்ற ஊபர் கிண்ணப் போட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஊபர் கிண்ணம் மகளிர் குழுக்களுக்கான உலகப் போட்டி. இரு நாடுகள் மோதும்போது மூன்று ஒற்றையர் ஆட்டங்களும் இரண்டு இரட்டையர் ஆட்டங்களும் மாறி மாறி இடம்பெறும். அரையிறுதியில் தாய்லாந்து சீனாவைச் சந்தித்தது. சீன மகளிர் குழு 1984ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கலந்துகொண்டதிலிருந்து ஒருமுறைகூட இறுதியாட்டத்தைத் தவறவிட்டதில்லை. அன்று இரட்டையர் ஆட்டங்கள் இரண்டையும் சீனாவே வென்றது. ஒற்றையர் ஆட்டங்களைத் தாய்லாந்து வென்றதால் கணக்கு 2-2 என்று ஆனது. தோற்ற இரட்டையர் வீராங்கனைகள் களத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்தனர். ஐந்தாவது ஆட்டத்தில் புசனன், முன்னாள் ஒலிம்பிக் வெற்றியாளர் லீ சுவேருயியை வென்றதும் அரங்கமே எழுந்து நின்றது. தாய்லாந்து முதன்முறையாக ஊபர் கிண்ண இறுதியாட்டத்தில் நுழைந்தது. தம் ஆட்டத்தில் தோற்றவர்கள் அடுத்த நிமிடமே தோழியின் வெற்றிக்குக் கைதட்டுவது குழுப் போட்டியில் மட்டுமே காணக்கூடிய காட்சி. அந்தக் கைதட்டலுக்குள் எவ்வளவு மகிழ்ச்சி, எவ்வளவு வருத்தம் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

இறுதியாட்டத்தில் ஜப்பான் 3-0 என வென்று, 37 ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணத்தைத் திரும்பப் பெற்றது. அந்நாளைய ஜப்பானில் மகளிர் இரட்டையருக்குத்தான் முதல் மரியாதை. ஒலிம்பிக் தங்கத்தை வென்ற இணையோடு வேறு உலகத்தர இணைகளும் அங்கு இருந்தன. இரட்டையர் வலுவாக இருக்கும் குழுவை வீழ்த்துவது எவ்வளவு கடினம் என்பதைத் தாய்லாந்து சொந்த மண்ணிலேயே கண்டது.

எட்டு மாதங்களுக்குப் பிறகு, 2019ஆம் ஆண்டு ஜனவரியில், சப்சிரியும் புத்திதாவும் பேங்காக்கில் தாய்லாந்து மாஸ்டர்ஸ் போட்டியின் மகளிர் இரட்டையர் பட்டத்தை வென்றனர். இறுதியில் அவர்களிடம் தோற்றது சீனாவின் லீ வென்மெய் – ஜெங் யூ இணை. முதல் செட்டை இழந்த பிறகு கிடைத்த வெற்றி அது. அதே போட்டியில்தான் சிங்கப்பூரின் லோ கியன் இயூ, ஆடவர் ஒற்றையர் இறுதியில் மாபெரும் வீரர் லின் டானைத் தோற்கடித்து உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தார். லோ கியன் இயூவும் சப்சிரியும் மீண்டும் ஒரே நாளில் வெற்றி மேடை ஏறப்போவது அப்போது யாருக்கும் தெரியாது.

இதற்கிடையில் சப்சிரி மூன்றாவது பிரிவு ஒன்றிலும் ஆடிவந்தார். அது கலப்பு இரட்டையர். இணை, டெச்சாபோல் புவாவரானுக்ரோ. ‘பாஸ்’ என்னும் செல்லப்பெயர் கொண்ட அவர் 1997ஆம் ஆண்டில் பிறந்தவர். சப்சிரியைவிட ஐந்து வயது இளையவர். 2017ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் இருவரும் கலப்பு இரட்டையர் தங்கத்தை வென்றனர். 2019ஆம் ஆண்டு சிங்கப்பூர் பொதுப் போட்டியின் இறுதியில் மலேசியாவின் தான் கியான் மெங் – லாய் பெய் ஜிங் இணையைத் தோற்கடித்துப் பட்டம் பெற்றனர்.

கலப்பு இரட்டையரில் பெண் வலையருகே முன்பக்கத்தையும் ஆண் பின்பக்கத்தையும் காப்பது பொதுவான ஏற்பாடு. எதிரணியின் திட்டமும் பொதுவானதுதான்: பெண்ணைப் பின்னுக்குத் தள்ளு, அவரையே குறிவைத்து அடி. இந்தத் திட்டம் சப்சிரியிடம் பல நேரங்களில் பலிக்கவில்லை. அதற்குக் காரணம் பழைய ஒற்றையர் ஆட்டம். முழுக் களத்தையும் தனியே காத்துப் பழகிய கால்கள் அவருடையவை. பின்கோட்டுக்குத் தள்ளப்பட்டாலும் அங்கிருந்தே ஓங்கி அடிப்பார். மகளிர் இரட்டையர் தந்த பொறுமையால் ஸ்மாஷ்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பார். பயனற்றுப் போனதாக யாரேனும் நினைத்திருக்கக்கூடிய அந்த ஒற்றையர் ஆண்டுகள், எதிர்பாராத இடத்தில் கைகொடுத்தன.

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியில் இருவரும் இறுதியாட்டம்வரை சென்றனர். எதிரில் சீனாவின் ஜெங் சிவெய் – ஹுவாங் யாச்சியோங். அந்நாளில் அசைக்க முடியாத இணை. முதல் செட் 8-21. இரண்டாவது செட் 12-21. உலக இறுதியாட்டத்தில் இத்தகைய கணக்கு கசப்பானது. போராடித் தோற்றோம் என்று சொல்லிக்கொள்ளக்கூட அதில் இடமில்லை. ஒற்றையரில் இப்படித் தோற்றால் தன்னை மட்டும் நொந்துகொள்ளலாம். இரட்டையரில் தோல்வி இரு மனங்களுக்கு நடுவில் கிடக்கும். ஒருவர் மற்றவரைப் பார்க்கும் பார்வையிலேயே அது தெரியும். பல இணைகள் இத்தகைய தோல்விகளுக்குப் பின் பிரிந்திருக்கின்றன. இவர்கள் பிரியவில்லை.

2020ஆம் ஆண்டில் கோவிட்-19 பெருந்தொற்றால் போட்டிகள் பல மாதங்கள் முடங்கின. 2021ஆம் ஆண்டு ஜனவரியில் உலகப் பூப்பந்துச் சம்மேளனம் பேங்காக்கில் அடுத்தடுத்து மூன்று பெரிய போட்டிகளை நடத்தியது. விளையாட்டாளர்கள் தங்கும் விடுதிக்கும் அரங்கிற்கும் இடையில் மட்டுமே நடமாட முடிந்தது. இருக்கைகள் காலியாக இருந்தன. சொந்த நாட்டில் ஆடியும் கைதட்ட ஆளில்லை. முதல் போட்டியின் கலப்பு இரட்டையர் இறுதியில் இந்தோனேசியாவின் பிரவீன் ஜோர்டான் – மெலாத்தி டாயேவா இணையை எதிர்த்து, சப்சிரியும் டெச்சாபோலும் முதல் செட்டை 21-3 என்று வென்றனர். அப்படிப்பட்ட செட்டுக்குப் பின் ஆட்டம் முடிந்தது என்றுதான் எவரும் எண்ணுவர். இரண்டாவது செட் கைநழுவியது. மூன்றாவது செட்டில் கடைசிவரை போராடித்தான் பட்டத்தைப் பெற்றனர். அடுத்த இரு வாரங்களிலும் இறுதியில் தென்கொரியாவின் சியோ சியூங்-ஜே – சே யூ-ஜுங் இணையே எதிர்ப்பட்டது. இரண்டிலும் தாய்லாந்து இணை வென்றது. மூன்று வாரம், மூன்று பட்டம்.

அந்த முதல் வாரத்தில் மகளிர் இரட்டையர் இறுதியாட்டத்திலும் தாய்லாந்து இணை ஒன்று ஆடியது. ஜோங்கோல்பான் கிதிதரகுல் – ரவிந்தா பிரஜோங்ஜாய் என்னும் அந்த இணை, இந்தோனேசியாவின் கிரேசியா போலீ – அப்ரியானி ரஹாயு இணையிடம் தோற்றது. கிரேசியாவும் அப்ரியானியும் அதே ஆண்டு தோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம் வென்றதைப் பின்னர் உலகமே கண்டது. தாய்லாந்தின் மகளிர் இரட்டையர் பொறுப்பு அதற்குள் இந்த இணையின் தோள்களுக்கு மாறியிருந்தது. ஒலிம்பிக்கிலும் நாட்டைப் பிரதிநிதித்தது இவர்களே. சப்சிரி தம் முழுக் கவனத்தையும் கலப்பு இரட்டையரில் வைத்தார்.

எனவே, தோக்கியோ ஒலிம்பிக்கில் சப்சிரி – டெச்சாபோல் இணையின்மீது பெரும் எதிர்பார்ப்பு இருந்தது. அது காலிறுதியில் முடிந்தது. ஜப்பானின் யூத்தா வத்தானாபே – அரிசா ஹிகாஷினோ இணையிடம் தோற்று அவர்கள் வெளியேறினர். ஜப்பானிய இணை வெண்கலப் பதக்கம் பெற்றது. ஒலிம்பிக் பதக்கத்திற்கு ஈடு வேறெதுவும் இல்லை. அடுத்த வாய்ப்புக்கு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சப்சிரிக்கு அப்போது 29 வயது.

அவ்வாண்டின் இறுதியில் இந்தோனேசியாவின் பாலியில் மீண்டும் மூன்று போட்டிகள் தொடர்ந்து நடைபெற்றன. மூன்றிலும் சப்சிரியும் டெச்சாபோலும் பட்டம் வென்றனர். அவற்றுள் இரண்டின் இறுதியாட்டங்களில் அவர்கள் வீழ்த்தியது அதே வத்தானாபே – ஹிகாஷினோ இணையைத்தான். பாலியிலிருந்து நேரே ஸ்பெயினின் ஹுவெல்வா நகருக்குச் சென்றனர். உலக வெற்றியாளர் போட்டி அங்கே காத்திருந்தது.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் இறுதியாட்டம். எதிர்ப்பக்கத்தில் மறுபடியும் வத்தானாபே, ஹிகாஷினோ. ஒருவரையொருவர் இவ்வளவு அறிந்த இரு இணைகள் மோதும்போது புதிய தந்திரங்களுக்கு அதிகம் இடமில்லை. யார் முதலில் பொறுமை இழக்கிறார் என்பதே கேள்வி. வத்தானாபேயின் வேகமும் ஹிகாஷினோவின் தாக்குதலும் புகழ்பெற்றவை. அன்று அவை எடுபடவில்லை. 21-13, 21-14 என நேர்செட்களில் தாய்லாந்து இணை வென்றது. இரட்டையர் ஆட்டத்தின் எந்தப் பிரிவிலும் தாய்லாந்துக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அதுவே. ரச்சனோக் 2013ஆம் ஆண்டில் வென்ற பட்டத்துக்குப் பின், எட்டு ஆண்டுகள் கழித்து நாட்டுக்குக் கிடைத்த இரண்டாவது உலகப் பட்டமும் அதுதான். அதே நாளில், அதே அரங்கில், ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்று சிங்கப்பூரின் முதல் உலக வெற்றியாளரானார் லோ கியன் இயூ.

அந்தப் பருவத்தில் சப்சிரி – டெச்சாபோல் இணை உலகத் தரவரிசையில் முதலிடத்தையும் எட்டியது. கலப்பு இரட்டையரில் தாய்லாந்து இணை ஒன்று முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை. 2013ஆம் ஆண்டில் ஒற்றையர் வரிசையில் தோழிகளுக்குப் பின்னால் நின்றவருக்கு, முன்னால் யாருமே இல்லாத இடம் கிடைத்தது. அந்த இடத்தில் அவர் தனியாகவும் நிற்கவில்லை. பக்கத்தில் இன்னொருவர் இருந்தார்.

அதன் பிறகான ஆண்டுகள் அத்தனை எளிதாக அமையவில்லை. ஜெங் சிவெய் – ஹுவாங் யாச்சியோங் இணை மீண்டும் ஓங்கியது. 2022ஆம் ஆண்டில் பல இறுதியாட்டங்களில் தாய்லாந்து இணை அவர்களிடம் தோற்றது. பேங்காக்கில் நடைபெற்ற ஆண்டிறுதிப் போட்டியும் அவற்றுள் ஒன்று. ஓயாத பயணமும் அடுத்தடுத்த போட்டிகளும் முப்பதைத் தாண்டிய உடம்பைச் சோதிக்கும். ஆயினும், 2024ஆம் ஆண்டு ஜனவரியில் புதுடில்லியில் இந்தியப் பொதுப் போட்டியின் பட்டத்தை வென்று, தாங்கள் இன்னும் களத்தில்தான் இருக்கிறோம் என்று இருவரும் காட்டினர்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் தாய்லாந்துக்குப் பூப்பந்தில் முதல் ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது. அதைப் பெற்றவர் ஆடவர் ஒற்றையர் வீரர் குன்லாவுத் விதித்சார்ன், பதக்கம் வெள்ளி. சப்சிரிக்கு அங்கும் பதக்கம் கைகூடவில்லை. ரியோ, தோக்கியோ, பாரிஸ் என மூன்று ஒலிம்பிக்குகளில் அவர் ஆடிவிட்டார். முதலாவதில் பக்கத்தில் நின்றவர் புத்திதா. மற்ற இரண்டிலும் டெச்சாபோல்.

பாரிஸுக்குப் பின் அந்த இணை பிரிந்தது. டெச்சாபோல், சுபிஸ்ஸரா பேவ்சம்பிரான் என்னும் இளம் வீராங்கனையோடு ஆடத் தொடங்கினார். உலக வெற்றியாளர் என்ற பெயர் அவரோடு வந்தது. சப்சிரியோடு சேர்ந்து ஈட்டிய தரவரிசைப் புள்ளிகள் வரவில்லை. விதி அப்படி. புதிய இணை பட்டியலின் அடியிலிருந்து ஏற வேண்டியதாயிற்று.